நிப்பாட்டாதேங்கோ

"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாப்பமே?"
லோகேந்திரனின் விரல் பொத்தானுக்குக் கிட்ட.
"நிப்பாட்டாதேங்கோ, சேர்!"
கிளிநொச்சியிலிருந்து மழையோடு வந்தவள்
தலைக்கவசம் கழற்றமுன் கத்தியது அதுதான்.
முறிந்த காலோடு நிற்கிறவனை
இருந்து எழும்பச் சொல்லக்கூடாது.

மாங்குளம், கமக்காரர் சங்கம்,
உரமூட்டை அறைக்குப் பக்கத்து அறை.
செம்மண் தூசு மூடிய சேர்வர்,
உள்ளே நான்கு வன்தட்டு.
ஒன்றின் விளக்கு எப்போதோ அணைந்திருந்தது.
இன்னொன்றில் செம்மஞ்சள்.
எச்சரித்துக் கூவிய ஓட்டைக்கு
யாரோ பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

"மூண்டு நாளா டிக் டிக் எண்டது.
பல்லி எண்டு நினைச்சன்," என்றாள் தர்மினி.
"பஞ்சாங்கமும் பாத்தன்.
தென்கிழக்கு. நல்ல சேதியாம்."

பக்கப் கேட்டேன். லாச்சி திறந்தது.
போன வருசத்துக்கு முந்தின பங்குனியோடு
முடிந்துபோன ஒரு பிரதி.
ஒரு பென்டிரைவ்: யாருடையதோ சாமத்திய வீடு,
இரண்டு மணி நேரம், பாட்டோடு.

சேர்வரை வாசிக்க மட்டும் விட்டேன்,
இனி ஒரு எழுத்தும் எழுதாதபடி.
தட்டுகளுக்கு மார்க்கரால் இலக்கம் போட்டேன்.
அவசரத்தில் நல்லதைப் பிடுங்கிய ஒருவனை எனக்குத் தெரியும்,
இப்போது வவுனியாவில் போன் கவர் விற்கிறான்.

"எதை முதல் எடுக்கிறது?"

"கணக்கு. வியாழக்கிழமை ஓடிற்."
"எல்லை," என்றாள் தர்மினி,
அவரைப் பார்க்காமல்.

கணக்கை வங்கியில் கேட்கலாம்,
பற்றுச்சீட்டுக் கட்டுகளைக் கூட்டிப் பார்க்கலாம்.
எல்லை, மீளக்குடியேறிய வருசம்
உறுதியும் பேர்மிற்றும் இல்லாத சனம்
இந்த மேசைக்கு முன்னால் வாயால் சொன்னது.
வடக்கே வாய்க்கால்.
கிழக்கே சின்னம்மாவின் மேட்டுக்காணி.
தெற்கே இரட்டைப் பாலை, இப்ப ஒண்டுதான் நிக்குது.
மேற்கே, பொறுங்கோ, மேற்கே…
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
இவள் இரண்டு விரலால் தட்டியது.

லோகேந்திரன் கூரைத்தகட்டைப் பார்த்தார்.
"சரி. எல்லை."

நாற்பது வீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் என்றது.
கால்சட்டையை மடித்து, குடையில்லாமல்,
அரிசி ஆலை ஜெனரேற்றருக்கு ஓடினார் முகாமையாளர்.
ஒன்பதாம் நிமிடம் அது உறுமியது.
டீசலைக் கணக்கில் எழுதவேண்டும்,
கணக்கு வந்தால்.

பிறகு தட்டு ஒரு இடத்தில் நின்றுவிட்டது.
டிக். டிக். திரும்பத் திரும்ப அதே இடம்.
வற்புறுத்தினால் முழுவதும் போகும்.
"இதை விட்டிட்டு அங்கால போறன்," என்றேன்,
"மிச்சத்தை எடுத்திட்டு, கடைசியில
மற்றப் பக்கத்தால வந்து கேப்பன்.
சிலவேளை அப்ப சொல்லும்."

தர்மினி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.
"நானும் அப்பிடித்தான் கேட்டனான்.
மேற்கு எண்டதும் சில பேர் நிண்டிடுவினம்.
மேற்கில ஆர் இருந்தது எண்டு சொல்ல ஏலாது.
விட்டிட்டு, கிணறு எத்தினை முழம் எண்டு கேப்பன்.
மாடு எத்தினை எண்டு கேப்பன்.
பிறகு மேற்குக்கு வருவன்."

மழை விட்டது எனக்குத் தெரியாது.
விடிய நாலரைக்கு இரண்டு பிரதி இருந்தது,
ஒன்று என் பையில், ஒன்று இரும்பு அலுமாரியில்.
கணக்கும் வந்தது, தை மாதம் தவிர.
எல்லையில் பதினொரு பேர் வரவில்லை.
மற்றப் பக்கத்தால் போயும் வரவில்லை.

அவள் கொப்பியில் பதினொரு இலக்கமும் எழுதினாள்.
ஏழு பேர் ஊரில். சைக்கிள் போதும்.
மூன்று பேருக்குக் கனடா நம்பர் தேடவேண்டும்.
ஒரு இலக்கத்துக்கு நேரே ஒன்றும் எழுதாமல்
பேனையைக் கொஞ்சநேரம் பிடித்திருந்தாள்.

"இனி நிப்பாட்டலாமோ?"
வாசலில், ஈரச் சேட்டோடு, லோகேந்திரன்.
"இனி நிப்பாட்டுங்கோ."

விசிறி ஓய்ந்தது. செம்மஞ்சள் போனது.
சுவரில் எங்கேயோ
டிக், டிக் என்றது.
மூன்று பேரும் திடுக்கிட்டுத் திரும்பினோம்.
பல்லிதான்.