வால் ஒடிந்த ழி

ஈயத்தில் தலைகீழாய் நிற்கும் சொற்களை
அவர்கள் படிப்பார்கள்.
நான் காகிதத்தில் படிப்பவன். புரூப் ரீடர்.
எனக்கு நாற்காலி, மாதச் சம்பளம்.
அர்த்தனாரிக்குக் கேலிக் கணக்கு,
(கேலி என்றுதான் அதற்குப் பெயர்)
கேலிக்கு இரண்டணா, பிழைக்குப் பிடித்தம்.
பிடித்தத்தைச் சிவப்பு மையில் எழுதியவன் நான்.

செவ்வாய்ப்பேட்டை. யுத்த வருஷம்.
பேப்பர் ரீமுக்குக் காவல் போட்டிருந்த ஆடி மாசம்.
சந்தைக்கு வந்தவர்கள்
திருமணிமுத்தாற்றுப் பாலத்துச் சுவரில் பார்த்தார்கள்:
கால் தாள், மட்ட ரகம்,
அடியில் எந்த அச்சகத்தின் பெயரும் இல்லை.

அச்சுத் தொழிலாளிகளே,
எட்டு மணிக்கு மேல் எரிகிற விளக்குக்குக் கூலி கேளுங்கள்.
சோற்றில் கை வைக்குமுன் கழுவச் சோப்பு கேளுங்கள்.
ஞாயிறு சாயங்காலம், மூக்கனேரிக் கரை.

முதலாளி அதை என் மேஜைமேல் விரித்து
பூதக்கண்ணாடியை நகர்த்தி வைத்தார்.
'யார் எழுத்து?'
எங்கள் தொழிலில் எழுத்து என்றால்
கையெழுத்து அல்ல, வார்ப்பு.

முதல் வரியிலேயே இருந்தது.
தொழிலாளியின் நடுவில் நிற்கிற ழி,
வால் ஒடிந்து.
தொமிலாளிகளே என்று படித்தது கண்.
எனக்கு அதைத் தெரியும்.
போன தையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில்
'வழிபட்டு' என்கிற இடத்தில் வந்து நின்றது.
சுழித்தேன்.
'கேஸில் வேற ழி இல்லீங்க' என்றான் அர்த்தனாரி.
அரையணா பிடித்தேன்.

'நம்முடையது' என்றேன்.
பொய் சொல்ல நேரம் இருந்தது.
சரியாகச் சொல்வதற்குத்தானே சம்பளம்
என்று தோன்றிவிட்டது.

மத்தியானத்துக்குள் அர்த்தனாரி தெருவில்.
சொந்தக் காசில் வாங்கிய கம்போசிங் ஸ்டிக்கை
மட்டும் கேட்டான்.
கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.
படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குகை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ்:
பொங்கலிட்டு வமிபட.
பஸ் டிக்கெட்:
சேலம் – ஏற்காடு, வமி அஸ்தம்பட்டி.
வெள்ளிப்பட்டறைக்காரர் விலாச அட்டை:
பரம்பரைத் தொமில்.
முனிசிபாலிட்டிக்காரர்கள் தெருத் தெருவாய் ஒட்டிய
காலரா எச்சரிக்கை:
ஈக்களை ஒமிப்பீர்.

பதினோரு அச்சகம்.
பதினொன்றிலும் ஒரு ழி வாலில்லாமல்.
கொலுசுக்குப் பேர்போன ஊரில்
அரத்துக்கா பஞ்சம்?

முதலாளி பதினொன்றையும் பரப்பினார்.
'இப்போ சொல்லும், இதில் நம்முடையது எது?'

உடைந்த விளிம்பு கரடாக இருக்கும்.
அரம் பட்டது வழுவழுவென்று.
கண்ணாடியே வேண்டாம், மூன்றாவது தாள்.
'எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது' என்றேன்.
பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னேன்.
திருகி முடித்தும் திருகிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் மெஷின்கள் நின்றன,
பத்தொன்பது நாள்.
முகூர்த்த மாசம். பெண்ணைப் பெற்றவர்கள்
பத்திரிகையைக் கையால் எழுதி மஞ்சள் தடவினார்கள்.
நான் மட்டும் தினமும் போய்
ஈரம் காய்ந்த ரோலர்களுக்கு நடுவில்
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

சோப்பு வந்தது.
விளக்குக் கூலியில் பாதி வந்தது.
அர்த்தனாரி வரவில்லை.
சேர்வராயன் மலையில் ஏதோ காப்பித் தோட்டத்தில்
மூட்டைகளுக்கு நம்பர் போடுவதாகக் கேள்வி.
அவன் போடுகிற ஏழு
நேராகத்தான் இருக்கும்.

புரட்டாசியில் ஒருநாள், பட்டப்பகலில்,
டிரெடில் மிதிக்கிற ஹயாத்
ஈரப் புரூப் ஒன்றை என் முன்னால் வைத்தார்.
சந்தா ரசீது.
சேலம் அச்சுத் தொழிலாளி சங்கம்.
அதே ழி. கரடான விளிம்பு.
வேறு நல்ல ழி இப்போது கேஸில் உண்டு,
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
பக்கத்திலேயே நின்றார், என் சிவப்புப் பேனாவைப் பார்த்தபடி.

தேதிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதைப் போட்டேன்.
'அச்சிடலாம்' என்று எழுதினேன்.
எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சந்தா நாலணா.
வேட்டி மடிப்பில் எடுத்து வைத்திருந்தேன்,
அரையணா தனியாக.
யாரும் கேட்கவில்லை.
ஐப்பசியிலும் கேட்கவில்லை.