பனிக்கட்டியின் எடை

"சபைக்கு ஏன் வருவதில்லை, அராபா?"
பாஸ்டர் அமிசா கோபமாகக் கேட்கவில்லை.
கையில் மை காயாத துண்டறிக்கை:
வாலிபர் விழிப்பு இரவு, வெள்ளி எட்டு மணி,
வண்ண விளக்கு, புது டிரம்ஸ், இலவச ஃபான்டா.

நான் கானாங்கெளுத்திப் பெட்டியை
இடுப்பளவு தூக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தேன்.
இருபது கிலோ. மொரித்தானியக் கடலில் பிடித்து
அங்கேயே உறைய வைத்தது.
இரண்டாம் அடியில்தான் பிளக்கும்.
பதிலை அந்தச் சத்தத்துக்குள் விட்டுவிட்டேன்.

சொல்லியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன்:
தாகோராடி சந்தை வட்டத்துக்குப் பின்னால்
'அவர் கிருபை போதும்' என்று
நீலப் பலகை மாட்டிய இந்தக் கடைக்கு
நான் வந்தபோது வயது பத்தொன்பது.
பாடகர் குழுவில் ஆல்டோ.
டீக்கன் குவைக்கூ காலை ஆறரைக்கு
ஷட்டரில் கை வைத்து ஜெபிப்பார்.
நிஜமாகவே ஜெபிப்பார், அதில் கள்ளமில்லை,
சில நாள் கண் கலங்கும்.
பிறகு ஷட்டரைத் தூக்குவார்.
பிறகு தராசுத் தட்டில்
ஈரச் சாக்கை மடித்து விரிக்கச் சொல்வார்.
சாக்கு நூற்றைம்பது கிராம்.
மீனில் ஒட்டிய ஐஸ் இன்னொரு நூறு.

முதல் வாரம் சாக்கு வழுக்காமலிருக்க என்று நினைத்தேன்.

சாலையோரம் மீன் பொரித்து விற்கும் மாமே எசுன்
பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:
"எடுத்துக்கோ, இங்கே குறையாது,
டீக்கன் கடை."
அன்றுதான் எனக்குள் ஏதோ கழன்றது.
திருட்டால் அல்ல.
திருட்டைச் சந்தை முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியில்
காணிக்கைப் பை ஏந்தி அவர் வரிசை வரிசையாக வருவார்.
பை என் கைக்கு வரும்போது
கை தானாக எடை பார்க்கும்.
பாட்டு எந்தச் சரணத்தில் நிற்கிறது என்பது மறந்துபோகும்.

கைபேசிதான் எங்களைக் கெடுத்தது என்கிறார்கள்.
என் கைபேசித் திரை உடைந்து ஒரு வருடம் ஆகிறது.
யாரும் என்னோடு தர்க்கம் செய்யவில்லை, பாஸ்டர்.
எந்தக் கேள்வியும் எனக்குப் பெரிதாக வரவில்லை.
நான் நிறுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்,
தினம் முப்பது, நாற்பது பேருக்கு.

இதையும் சொல்லாவிட்டால்
என் தட்டிலும் ஒரு சாக்கு இருக்கும்:

மதியம் டீக்கன் வங்கிக்குப் போனதும்
மிஸஸ் குவைக்கூ கல்லாவில் உட்காருவாள்.
சாக்கை எடுக்க மாட்டாள்.
அதன் மேலேயே நிறுத்து, காகிதத்தில் சுற்றி,
கடைசியில் முகம் பார்க்காமல்
ஒரு மீனை உள்ளே தள்ளுவாள்.
கணக்கில் வராது. வாங்குகிறவள் கவனிப்பதும் இல்லை.
ஒருமுறை கேட்டேன், ஏன் என்று.
"வால் உடைஞ்ச மீன்" என்றாள்.
உடைந்திருக்கவில்லை.

கணவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.
கோழையா, பரிசுத்தவதியா,
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
ஆனால் என்னில் ஏதோ ஒரு மூலை
இன்னும் கல்லாக உறையாமல் கிடக்கிறதென்றால்
அந்த மீன்தான் காரணம்,
புது டிரம்ஸ் அல்ல.

இதெல்லாம் சொல்லவில்லை.
"வேலை அதிகம், பாஸ்டர்" என்றேன்.
அவர் தலையசைத்து
துண்டறிக்கையைத் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.
முள் அசையவில்லை.

போன மாதம் சேர்ந்த ஃபீஃபிக்குப் பதினாறு வயது.
சபை வாலிபர் சங்கச் சட்டை, முதுகில் சிலுவை.
ஐஸ் துடைத்தபடி என் கையையே பார்க்கிறான்,
வேலை பழக வேண்டும் அல்லவா.

"ரெண்டு கிலோ" என்றாள் வந்தவள்.
டீக்கன் உள்ளே தொலைபேசியில், வாசலுக்கு முதுகு காட்டி.

சாக்கை உருவி எறிந்தேன் என்று எழுத ஆசை.
வாடகைக்கு இன்னும் ஒன்பது நாள்.
நிறுத்தேன். சுற்றினேன்.
வால் உடைந்தது ஏதாவது இருக்கிறதா என்று
பெட்டியைப் புரட்டினேன்.
எல்லாம் முழு மீன்.

நல்லதாக ஒன்று எடுத்தேன்.
ஃபீஃபி துடைப்பதை நிறுத்தியிருந்தான்.