திறந்தே வைத்த வாய்

கார்டோசோ தீவில் மழை விட்ட காலை.
மணல்காட்டில் குப்புறக் கிடக்கிறாள் ஜுரேமா,
முழங்கையில் கொசு, கையில் பென்சில்.

உளுத்த கட்டையின் அடியிலிருந்து
ஒருத்தி வருகிறாள்,
செம்பழுப்பு, நெட்டைக் கால்கள்,
தாடை இரண்டும் பக்கவாட்டில் விரிய.
வேட்டைக்குப் போகிறவள்
வாயை மூடிக்கொண்டு போவதில்லை.

உள்ளே மெல்லிய மயிர்கள்.
கறையான் அதில் உரசியது தெரிந்தது.
மூடியது தெரியவில்லை.
டிக்.
'கண்ணிமைக்கும் நேரத்தில்' என்று எழுதி
அடித்துவிட்டாள் ஜுரேமா.
இமை ரொம்ப மெதுவு.

படகுக்காரர் வால்டெசிர் ஒருமுறை
சுள்ளியால் சீண்டினார்.
அவள் தரையில் தாடையை அறைந்தாள்;
அந்த அறையே அவளைத் தூக்கி எறிய
அவர் காலருக்குள் போய் விழுந்தாள்.
அன்றிலிருந்து
அவர் படகை விட்டு இறங்குவதில்லை.

இப்போது அதே தாடை
உதிர்ந்த பழமொன்றைத் தூக்கிப் போகிறது,
தன் முட்டையைத் தூக்குகிற மாதிரி.
சதை உள்ளே, புழுக்களுக்கு.
கொட்டை வெளியே, வாசல் குப்பையில்.

கூட்டைச் சுற்றி
நாற்பத்தொரு கன்றுகள்.
பத்தடி தள்ளி எண்ணினால்
இரண்டு.

குறிப்பேட்டில் 'இரை' என்றொரு கட்டம்,
'எதிரி' என்றொரு கட்டம்.
இதை எதில் எழுத?
பென்சிலைக் கடித்தபடி
கிடக்கிறாள் ஜுரேமா.