பால்நூல்

நதியுண்ணிக் கால் பாயும் வயல். பிசானம்.
அறுத்த இலையைப் பூலுடையார்
கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினார்.
வெட்டுவாயிலிருந்து
பால்நூல் ஒன்று இறங்கியது.

மழை விட்ட அன்றே
இலைவிளிம்பின் நீர்வாய் வழி நுழைந்தவை.
சத்தம் காட்டவில்லை.
ஆளுக்கொரு துளி வாசம் கசியவிட்டு
'எத்தனை பேர் இருக்கோம்?' என்று
தங்களுக்குள் எண்ணிக்கொண்டிருந்தன.
பயிர் உடம்பைத் தடவிப் பார்த்தது,
ஒன்றுமில்லை என்று
கதிரில் பால் பிடிக்கப் போனது.
வாசம் கெட்டியான ராத்திரி
மொத்தமாய் எழுந்தன.

கீழ்வயல் ஆவுடைத்தாயிடம்
பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
வரப்பில் அரைச்சாண் தகராறு.
தம்ளரைக் கொட்டப் போனவர்
மடையைப் பார்த்தார்:
இவர் வயல் தண்ணி
அவள் வயலுக்குள்
பேசிக்கொண்டே போகிறது.

"ஏளா, ஆவுடை" என்றார்.
தொண்டை கட்டியிருந்தது.