முன்பல்

பதினோராம் நாள்.
ரசஞ்சோற்றை மிக்ஸியில் மூன்று முறை அடித்து
டீ வடிகட்டியில் வடித்து
ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றித் தருகிறான் வீரணன்.
கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே
ஒரு சந்து இருக்கிறது.
ஜெய்ஹிந்துபுரத்துச் சந்துகளைவிடக் குறுகல்.
அதன் வழியாகத்தான் இப்போது எனக்கு எல்லாம்.

பிளவுஸ் ஆல்டர் செய்வதுபோலத்தான் சொன்னார் டாக்டரம்மா:
மேலே கொஞ்சம் தூக்கி, கீழே கொஞ்சம் உள்ளே பிடித்து.
பிரித்துத் தைத்த துணி சும்மா கிடக்கும்.
முகம் கிடக்கவில்லை.
பங்குனி வெயிலில் ஐஸ்கட்டி ஒத்த ஒத்த
வீங்கிக்கொண்டே இருந்தது.
தகடும் திருகாணியுமாக
எடுத்த இரண்டு சீட்டும் அம்மாவின் தோடும்
உள்ளேதான் இருக்கின்றன.

போனுக்கு என்னைத் தெரியவில்லை.
மூன்று முறை உற்றுப் பார்த்துவிட்டு
நம்பர் கேட்டது.

ரப்பர் போட்டு இறுக்கிய வாயில் ஆ வருவதில்லை.
மாடிவீட்டு ஜம்ருத் அக்கா 'வலிக்குதா' என்றால்
ம்.
'வலிக்கலையா' என்றாலும்
ம்.
ரெஜினா டீச்சருக்கு நோட்டில் எழுதிக் காட்டினேன்:
கொக்கி மட்டும் பாக்கி, செவ்வாய்க்கிழமை வாங்க.
அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி
கீழே எழுதினார்: சரிம்மா.

நேற்றுக் கண்ணாடியில்
ஓர் எறும்பு என் தாடையில் ஏறுவதைப் பார்த்தேன்.
உதட்டுக்குக் கீழே நின்றது.
காய்ந்த பால்துளியை ஒரு சுற்றுச் சுற்றியது.
போய்விட்டது.
யாரோ வீட்டுச் சுவரில் நடந்ததுபோல
எனக்கு ஒரு சேதியும் வரவில்லை.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னக் கத்தரிக்கோல்.
வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்ட வேண்டும்,
தூங்கும்போதும் கழற்றாதே என்றாள் நர்ஸ்.
எனக்கு அது புதிதில்லை,
பதினான்கு வருஷமாகத் தொங்குகிறது.
தையல் படித்தவர்கள் எல்லோரும்
நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள்.
என் முன்பற்கள் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது.
'பல்லு எதுக்குடி வச்சிருக்க'
என்று கேட்ட கோமளவல்லி மிஸ்ஸுக்கு
வாயைத் திறந்து காட்டினேன்.
அடுத்த நாள் அவரே வாங்கித் தந்த கத்தரிக்கோல்.

வீரணனுக்கும் இதே தாடை.
பரோட்டாவைத் தலை சாய்த்து
கடைவாயில் கொடுத்துத்தான் இழுப்பான்.
பன்னிரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு
வாசலுக்கு வெளியே நின்று சாப்பிடுகிறான்.
சால்னா வாசனை எனக்கு வரக்கூடாதாம்.
வருகிறது.
அவன் மெல்லுகிற சத்தமும் வருகிறது.
ஜன்னல் வழியே நோட்டை நீட்டினேன்:
நீயும் செஞ்சுக்கோயேன்.
'ரெண்டு பேரும் மாறிட்டா
அம்மா யாரைப் புள்ளைன்னு கூப்பிடும்?'
சிரித்தான்.
தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பில்
என் பழைய முகம் அப்படியே இருந்தது.
நோட்டைத் திரும்ப வாங்க மறந்து
பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாற்பத்திரண்டாம் நாள்.
வாய்க்குள் ஏழு ஐஸ் குச்சி போகிறது,
எட்டாவது போகமாட்டேன் என்கிறது.
காலையில் பாலில் ஊறிய இட்லி.
மெல்லவில்லை, அண்ணத்தில் வைத்து நாக்கால் அழுத்தினேன்.
உளுந்தின் ருசி தெரிந்ததும்
எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது.
மூக்கு அடைத்துக்கொண்டு அது வேறு கஷ்டம்.

செவ்வாய்க்கிழமைகள் ஐந்து கழிந்து
இன்றைக்குத்தான் டீச்சரின் கொக்கி.
முதல் முடிச்சுப் போட்டதும்
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
கத்தரிக்கோல் இல்லை.
ரப்பர் எடுத்த அன்றே
குளியலறை ஆணியில் மாட்டியது.

கடிக்கக் கூடாதவை என்ற பட்டியலில்
முறுக்கு உண்டு, கரும்பு உண்டு,
கடலை மிட்டாய் உண்டு, கறி உண்டு.
நூல் இல்லை.

உதட்டில் ஒன்றும் தெரியவில்லை.
காதுக்குள்தான் கேட்டது,
டிக்.

நுனி ஈரமாக இருந்தது.
அடுத்த கொக்கியை எடுத்தேன்.