திரும்பி வந்த தட்டுகள்

லாபிஸ் பாசாரில் ஆட்டுக்கறி
எலும்போடு ஒன்றரைக் கிலோ.
"குருமாவா?" என்றான் வெட்டுகிறவன்.
"இல்லை," என்றார் தனபாலன்.
அதற்குமேல் சொல்லத் தெரியாமல்
துண்டின் அளவை விரலில் காட்டினார்.

சிங்கப்பூரில் பதினோரு வருஷம்
ஓர் ஐரிஷ் பப்பின் பின்கட்டில் தட்டு கழுவியவர்.
அடுப்புப் பக்கம் விட்டதில்லை.
முன்பக்கத்தையும் பார்த்ததில்லை;
சுவர் பச்சை என்று மட்டும் தெரியும்,
பெயிண்ட் டின் இவர் காலடியில் கிடந்ததால்.

தெரிந்ததெல்லாம்
ஜன்னல் வழியே திரும்பி வந்தவை.
கேரட்டை ஒதுக்குவார்கள்.
முட்டைக்கோஸ் தண்டைத் தொடவே மாட்டார்கள்.
ரொட்டியால் தட்டைத் துடைத்திருந்தால்
அன்றைக்குக் கிழங்கு கரைய வெந்திருக்கிறது.
கொழுப்பு வெள்ளையாய் உறைந்திருந்தால்
யாரோ பேசிப் பேசி ஆறவிட்டிருக்கிறார்கள்.
"அழுதவங்க தட்டு தெரியுமா உனக்கு?
கறி அப்படியே இருக்கும்.
கிளாஸ்தான் காலியா வரும்."

வேலை போய் வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம்
மிச்சத்தைப் பிடித்துச் சமையலுக்குப் போகிறார்,
வாலைப் பிடித்து மாட்டைத் தேடுகிறவர்போல.
அங்கே மாட்டுக்கறிதானாம்.
நம் வீட்டில் ஆடு. சட்டிக்கு என்ன தெரியும்.

வெங்காயம் பெரிது பெரிதாய்.
மிளகு, உப்பு. அவ்வளவுதான்.
மஞ்சள் டப்பாவை நான் எடுத்ததும்
கையைப் பிடித்து நிறுத்தினார்.
எத்தனை வருஷமாயிற்று
இந்தக் கையை அவர் பிடித்து.

தைம் என்று ஒரு தழை வேண்டுமாம்.
இந்த ஊரில் எங்கே போக?
வாசல் வாளியிலிருந்த கற்பூரவள்ளியைக் கசக்கி முகர்ந்து
"அதுக்குப் பங்காளி முறை வரும்" என்று
நாலு இலை கிள்ளிப் போட்டார்.

கறுப்பு ஸ்டவுட் வாங்க அ ஹோக் கடைக்கு நான்தான் போனேன்.
"வீட்ல யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கு?"
தவுக்கே சும்மா கேட்கவில்லை.
யுகேஷ் பிறந்தபோது மாமியார்
இதே புட்டியில் முட்டை அடித்துக் கலக்கித் தந்தார்,
ரத்தம் ஊறும் என்று.
அரைப் புட்டி சட்டிக்குள் போனது.
மீதி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

மோர் விட்டுப் பிசைந்த மாவில் ஆப்பசோடா.
தீபாவளிக்கு மட்டும் அலமாரியிலிருந்து இறங்குகிற ஓவன்
சித்திரையில் இறங்கியது.
மேலே சிலுவைபோல் கத்தியால் கீறினார்.
ஏன் என்றேன்.
"தெரியாது. துண்டெல்லாம் கால்வட்டமாத்தான் திரும்பி வரும்."

இரண்டு மணி நேரம் மெல்லக் கொதித்தது.
அந்திக்குக் காற்று திரும்பி
ஆலையில் செம்பனை வேகிற நாற்றம் உள்ளே நுழைய
எங்கள் சட்டி கொஞ்சம் எதிர்த்துப் பார்த்துவிட்டுத்
தோற்றது.

பக்கத்து வீட்டு மேகநாதன், பழ லோரி ஓட்டுகிறவர்,
ஒரு வாய் வைத்தார். யோசித்தார்.
"நல்லாத்தான் இருக்கு பாலா.
ஆனா யார்மேல கோபம்,
ஒரு மிளகாகூடப் போடல?"
சிலி பாடியும் கிச்சாப்பும் மேசைக்கு வந்தன.

எல்லாரும் எழுந்ததும்
தட்டுகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய்
விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாய்ச் சாய்த்துப் பார்த்தார்.
தர்ஷிகா: சூப்பி எறிந்த எலும்பு, வேறெதுவுமில்லை.
யுகேஷ்: ரொட்டியின் மேல்தோல்.
மேகநாதன்: மூன்று மிளகாய்க் காம்பு, கறுப்புக் கறை.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
ஓடும் தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றார்.

என் தட்டு இன்னும் என்னிடம்.
உண்மையைச் சொன்னால்
எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.
ஆனால் நான் வாயால் சொல்வதை அவர் நம்பி நாளாகிறது;
தட்டைத்தான் படிப்பார்.
கிழங்கு, கறி, குழம்பு
எல்லாவற்றையும் ரொட்டியால் வழித்துத் தின்றேன்.
பிறகு, முழுத்தட்டும் காலியாய்ப் போனால்
பொய் என்று கண்டுபிடித்துவிடுவாரே என்று
ஒரு துண்டுக் கேரட்டை
ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.