வெயிலும் இல்லை, மழையும் இல்லை

இந்த ஊரின் பெயர் கூர்.
பத்தொன்பது வருடமாகத் தபால் உறையில் எழுதுகிறேன்,
அந்தச் சொல்லுக்கு முனை உண்டென்று
இந்த மாசியில்தான் உறைத்தது.

முதலில் ஒரு குரல்.
வீட்டுக்குப் பின்னால் பாறையிலிருந்து,
பெரிய போத்தலின் வாயில் யாரோ ஊதுவதுபோல்.
முந்திரி வாலை மடித்துக்கொண்டு
என் சப்பாத்தின் மேல் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று கிலோ இருநூறு கிராம் நாய்.
சுருண்டு படுத்தால் பெயர் பொருந்தும்.
ஆரபி கெஞ்சி வாங்கினாள்,
பிறகு லொசானுக்குப் படிக்கப் போனாள்.
நாய்க்கு விடுதியில் இடமில்லை,
எனக்கு வீட்டில் விடுதலை இல்லை.

வனக்காவலர் ரேட்டோ கமினாடா
காற்சட்டைக் கீழ்மடிப்புக்குக் கடைக்கு வந்தார்.
குண்டூசியைப் பல்லில் கடித்தபடி கேட்டேன்.
ஊஹு, என்றார்.
அவர்கள் மொழியில் பறவையே தன் பெயரைச் சொல்லிவிடுகிறது.
எங்களுக்கு அது கோட்டான்;
மச்சானைத் திட்டத்தான் இதுவரை பாவித்த சொல்.
செட்டை விரித்தால் உங்கள் வெட்டுமேசை நீளம், என்றார்.
முயலைத் தூக்கும்.
சட்டம் அதைக் காக்கிறது.
என் நாயை?
நாயை நீங்கள்தான்.

அன்றிரவே தைக்கத் தொடங்கினேன்.
யாரோ திரும்பி வாங்க வராத தோல் ஜாக்கெட்,
முதுகெல்லாம் கூர்க் குமிழ்.
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன், நாற்பத்திரண்டு.
பழைய ரெயின்கோட்டை உள்துணியாக வைத்து,
கழுத்துக்கு இரட்டைத் தையல் போட்டு.
அதை மாட்டிக்கொண்டு முந்திரி நடந்தாள்
பலாப்பழத்துக்குக் கால் முளைத்ததுபோல்.
பஸ் சாரதி ஹோர்ன் அடித்துச் சிரித்தான்.
சிரிக்கட்டும். இரண்டு மாதம்
நான் நன்றாகத் தூங்கினேன்.

சித்திரையில், பாறையடிப் பாதையில்
அவள் எதையோ முகர்ந்து நின்றுவிட்டாள்.
முள்ளெலி.
இல்லை, முள்ளெலியின் தோல்.
உள்ளே ஆள் இல்லை.
சூடான அறைக்குள் வந்த விருந்தாளி
கோட்டைக் கழற்றிப் போட்டதுபோல்
உட்புறம் வெளியே தெரியக் கிடந்தது.
முள் ஒன்றுகூட உடையவில்லை.
தையல் பிரிப்பதுதான் என் பிழைப்பு,
இவ்வளவு சுத்தமாய் நான் ஒரு முதுகைத் திறந்ததில்லை.
சொல்ல வெட்கமாய் இருக்கிறது,
கொஞ்ச நேரம்
தொழிலாளி தொழிலாளியின் வேலையைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் நாயை அள்ளிக்கொண்டு ஓடினேன்.
நாற்பத்திரண்டு முனையும் என் நெஞ்சில்.

சட்டை இப்போது அலமாரிக்குள்.
கயிறு ஒரு மீட்டர், அதற்கு மேல் விடுவதில்லை.
இருட்டினால் தோட்டக் கதவு பூட்டு.
இரவு பத்தரைக்குக் கடைசிச் சிறுநீர்,
அதற்கு நான் குடை பிடிக்கிறேன்.
அவர் வேலைசெய்யும் ஹோட்டலின் கறுப்புக் குடை,
இரண்டு பேருக்குப் போதும்.
மேல்மாடி பல்கனியில் சிகரெட்டோடு ஃபிராவ் டொஷ்:
மழையா?
இல்லை.
வானம் முழுக்க உப்புக் கொட்டியதுபோல் நட்சத்திரம்.
வரலாம், என்றேன்.

அதற்கும் பிளவுக்குள் குஞ்சுகள் இருக்கும்,
வாயைத் திறந்தபடி. மறுக்கவில்லை.
ஆற்றோரம் எலி உண்டு, காகம் உண்டு,
முள்ளெலி வீட்டார் இதற்கு என்ன சொல்வார்களோ.
இந்தக் குடைக்குக் கீழே நிற்பது மட்டும்
கணக்கில் சேராது.

கூவுகிற இரவில்
அது எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.
கூவாத இரவில்தான்
கயிறு விரலில் பதிகிறது.

முந்திரிக்கு ஒரு அவசரமும் இல்லை.
ஒரு புல்லை முகர்கிறாள், அடுத்ததை முகர்கிறாள்,
யோசித்து
முதல் புல்லுக்கே திரும்பி வருகிறாள்.

உள்ளே வந்தால் தொலைபேசி. ஆரபி.
அம்மா, ஏன் மூச்சு வாங்குது?
முந்திரிக்குக் கால் துடைக்கிறேன், என்றேன்.

துளி விழாத குடையை
விரித்துக் குளியலறையில் காயப் போட்டேன்,
பழக்கதோஷம்.